போல்ட் தட்டு

புதுப்பேட்டையில் எங்கள் கடையில்
நட்டு போல்ட் போட்டுவைத்த தட்டு அது.
கிரீஸ் கருப்புக்குள் நாலைந்து எழுத்து:
பிளேன்.
முன்பாதி அடிவாங்கித் தேய்ந்திருந்தது.
மீனம்பாக்கத்துச் சாமான் என்று
வகாப் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.
ஏரோப்பிளேன் பார்ட்டில் போல்ட் பொறுக்குகிறோம் என்று
ஒரு கெத்து.

கோபாலபுரத்துப் பல் டாக்டர் ஒருவர்,
பெலிக்ஸ் ராயன் என்று கார்டு,
மாருதிக்கு சைடு கண்ணாடி வாங்க வந்தவர்
தட்டைப் பார்த்ததும் பேச்சை விட்டார்.
போல்ட்டுகளைத் தன் கைக்குட்டையில் கொட்டி
புறங்கையால் துடைத்தார்.
டெர்ராபிளேன், என்றார்.
அமெரிக்காவில் ரொட்டிக்கு வரிசை நின்ற காலத்தில்
விலை குறைத்து விட்ட கார்.
தரையில் பறப்பது என்று அர்த்தமாம்.
ஆறே வருஷம். அப்புறம் பெயரையே எடுத்துவிட்டார்கள்.

வேலை போனவன் ஊரில்
பறக்கிற பெயர் வைக்க
எவனுக்கு மனசு வந்தது, என்றேன்.
நடக்கிற பெயர் வைத்தால் யார் வாங்குவார், என்றார்.

இருக்கலாம்.
ரெண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பரில்
கார்கள் மிதந்ததைப் பார்த்த ஊர் இது.
ஜாபர்கான்பேட்டையில் ஒரு ஆல்டோ
காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.
அந்த வருஷம்தான் எங்களுக்கு நல்ல வியாபாரம்,
சொல்லக் கூசும். சேறு வழிய வழியப் பிரித்தோம்.
ஒரு டேஷ்போர்டுக்குள்
குழந்தையின் மருந்துச் சீட்டு,
மை கலைந்து, வயது மட்டும் தெரிந்தது.

விலை கேட்டார்.
நாலாயிரம் என்றேன்,
ரெண்டுக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று.
பேரம் பேசாமல் எண்ணி வைத்தார்.
அப்போதே வயிற்றில் ஏதோ இடறியது.
இன்னும் மூணு சக்கரம் மொட்டையா நிக்குது,
கிடைச்சா சொல்லுங்க, என்றார்.
வண்டி ஓடுதா?
எஞ்சினே இல்லையாம்.
ராத்திரி கிளினிக் பூட்டிவிட்டு
ஷெட்டுக்குப் போய் ஸ்டியரிங் பிடித்து உட்காருவாராம்.
சொல்லும்போது சிரிக்கவில்லை.

போனபிறகு வகாப் போனில் தேடிப் பார்த்து
எவ்வளவு போகும் என்று சொல்ல வாயெடுத்தான்.
சொல்லாதே, என்றேன்.

ரெண்டு நாள் போல்ட்டுகள்
டாக்டர் விட்டுப்போன கைக்குட்டையில் கிடந்தன.
அப்புறம் ஸ்விஃப்ட் வீல் கேப் ஒன்றை எடுத்துப் போட்டோம்,
பிளாஸ்டிக்.
சின்ன நட்டெல்லாம் அதன் ஓட்டை வழியே
தரைக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது.