வரி 2114

ஜூலை. ஔலுவில் இரவு வரவில்லை.
பதினொன்றரை மணிக்கும் சமையலறை மேசையில்
ரொட்டித் துணுக்குகளோடு ஒரு துண்டு வெயில்.

கடிதம் சிலி நாட்டு வால்டிவியாவிலிருந்து.
அங்கே இப்போது குளிராம், விடாத மழையாம்.
நாயாரெத் என்று பெயர். முன்பின் தெரியாதவள்.
நிலம் அசைவதைக் கேட்பதற்கு
நகத்தளவில் ஒரு சில்லு வரைந்திருக்கிறாள்.
வரைந்த கருவி, சோதித்த கருவி, கம்பி இழுத்த கருவி
எல்லாம் யார் யாரோ எழுதி
பூட்டாமல் வைத்துவிட்டுப் போனவை.
அவற்றில் ஒன்று என்னுடையது.

ஒன்பது மாதம் காத்திருந்தபின்
ஆலையிலிருந்து நாற்பது சில்லுகள் வந்தன.
நாற்பதும் பொய் சொல்லின.
மேசை சும்மா இருக்க
நிலநடுக்கம், நிலநடுக்கம் என்றன.

தாமதமாய் வருவது பிழை, அது எல்லாருக்கும் தெரியும்.
சிலிக்கானில் முந்தி வருவதும் பிழை.
கடிகாரம் தட்டியதும்
பழைய பிட்டை வாங்கிக்கொண்டு கதவு சாத்துமுன்
புதிய பிட் நுழைந்துவிட்டால்
கணக்கு அங்கேயே கெட்டது.
அந்தக் கதவுக்குக் காவல் என் நிரல்.
காக்கவில்லை.

விலைக்கு வாங்கிய மென்பொருளாயிருந்தால்
உரிம எண் கேட்டிருப்பார்கள்,
பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள்.
இவள் யாரையும் கேட்கவில்லை. உள்ளே இறங்கிவிட்டாள்.
மூன்று வாரம், எண்பதாயிரம் வரி,
2114-இல் கை வைத்தாள்.

ஒரு கழித்தல் குறி.
கூட்டலாக இருந்திருக்க வேண்டும்.
பதினொரு வருடம் யார் காலிலும் தைக்காமல் கிடந்த முள்.
அதன் தலைமாட்டில், பின்னிஷ் மொழியில், என் குறிப்பு:
அப்புறம் பார்க்கலாம்.

நினைவிருக்கிறது.
சவுனா சூடாகிவிட்டதென்று ஹில்ப்பி கூப்பிட்டாள்.
கூட்டலா கழித்தலா என்ற சந்தேகம் அப்போதே இருந்தது.
துவாலையைத் தோளில் போட்டபடி
நின்றுகொண்டே தட்டிய குறிப்பு.
ஹில்ப்பி இப்போது டம்பேரேயில், வேறொருவரோடு.

அடுத்த வரியில் திட்டுவாள்,
அதற்கடுத்ததில் திட்டுவாள் என்று படித்தேன்.
திருத்தத்தையும் அவளே எழுதி,
சோதனைகளை ஓட்டி,
என் சம்மதத்துக்கு வைத்திருந்தாள்.
மாறியது ஒரே ஒரு குறி.
என் குறிப்பை மட்டும் அழிக்கவில்லை.
அகராதியைப் புரட்டியிருக்க வேண்டும்,
அதன் கீழே பின்னிஷில் ஒற்றைச் சொல்:
பார்த்தாயிற்று.

சம்மதித்தேன்.
நாற்பது சில்லுக்கு என்ன பதில் சொல்வதென்று
எழுதி, அழித்து, மறுபடி எழுதி,
'மன்னிக்கவும்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

தூக்கம் வரவில்லை.
'அப்புறம் பார்க்கலாம்' என்று
முழு நிரலிலும் தேடினேன்.
இருபத்தாறு இடம்.

மேசையில் வெயில் போய்விட்டது,
வெளிச்சம் போகவில்லை.
முதல் இடம், வரி 88.