தூக்கம் வருதா

தண்டையார்பேட்டையில் எங்கள் தியேட்டரில்
இந்தப் படத்துக்கு இது பதினோராவது நாள்.
டப்பிங்.
நான் டார்ச் அடிப்பவன்.
திரையைவிட முகங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நாயகன் பறக்கும்போது
பாதிப் பேர் போனை எடுக்கிறார்கள்.
பாலத்தைத் தாங்குகிறான், ரயிலைத் தூக்கி நிறுத்துகிறான்,
முன்வரிசைப் பையன்கள் ஒரு விசில் அடித்துவிட்டு
சமோசா வாங்கப் போகிறார்கள்.
கொருக்குப்பேட்டை கேட்டில்
எந்த மகராசனும் வந்து ரயிலைத் தூக்கி
வழி விட்டதில்லை.

பிறகு அவன் வருவான்.
முகமூடி இல்லை, தழும்பு இல்லை.
இஸ்திரி போட்ட சாம்பல் சட்டை,
கணக்கெழுதுகிறவன் போடும் கண்ணாடி.
பின்னால் நகரம் எரிய எரிய
கைப்பொத்தானை நிதானமாக மாட்டுகிறான்.
கட்டிப்போட்டவன் எதிரே நாற்காலியை
இழுக்காமல் தூக்கி வைத்து
உட்கார்ந்து கேட்கிறான்:
"ராத்திரியில தூக்கம் வருதா?"

அவ்வளவுதான்.
பாப்கார்ன் கைகள் வாய்க்குப் பாதி தூரத்தில் நிற்கும்.
நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரியின் ஏர் ஹார்ன்
அப்போதுதான் உள்ளே கேட்கும்.
காசிமேட்டில் ஏலம் கூறுகிற ஏகவல்லி,
டிப்ளமா முடித்து மூன்று வருஷமாய்ச்
சும்மா இருக்கும் ஏசுபாதம்,
எல்லாரும் அந்தக் கேள்விக்கு
வாய் திறக்காமல் பதில் சொல்கிறார்கள்.

கத்துகிறவர்கள் எங்களுக்குப் புதுசில்லை.
தண்ணி லாரிக்குக் கத்துவோம்.
ஸ்டேஷனில் எங்களைக் கத்துவார்கள்.
கத்துகிறவனுக்கு ஏதோ வேண்டியிருக்கிறது,
பேரம் பேசிப் பார்க்கலாம்.
இவனுக்கு எதுவும் வேண்டாம்போல் இருக்கிறது.
அவசரமே இல்லாத ஒரு மனுஷனை
இந்தப் பக்கம் நாங்கள் எங்கே கண்டோம்?

தண்டல் தில்லிபாபுவைத் தவிர.
அவரும் சத்தம் போட்டதில்லை.
வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
"பாப்பா எந்த ஸ்கூலுக்கா?" என்பார்.
சாயங்காலத்துக்குள் பணம் எப்படியோ சேர்ந்துவிடும்.
நேற்று ஜி வரிசையில் இருந்தார்.
அந்தக் காட்சியில் எல்லாரும் திரையைப் பார்க்க
அவர் மட்டும் குனிந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு இரண்டாவது ஆட்டம்.
குடித்துவிட்டு ஒருத்தன் சீட்டின்மேல் ஏறி நின்றான்.
மேனேஜர் கத்தினார்.
கேன்டீன் பையன் கத்தினான்.
நான் பக்கத்தில் போய்
டார்ச்சை அணைத்தேன்.
காதருகே குனிந்து
"அண்ணே, ராத்திரியில தூக்கம் வருதா?" என்றேன்.
விளையாட்டுக்குத்தான்.
உட்கார்ந்துவிட்டான்.
திறந்து கிடந்த சட்டைப் பொத்தானைக்கூட மாட்டிக்கொண்டான்.
இடைவேளைக்கும் எழுந்திருக்கவில்லை.

பொய் எதற்கு,
நாக்கில் கல்கண்டு வைத்ததுபோல் இருந்தது.
முப்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக
என்னைப் பார்த்து ஒருத்தன் பயந்தான்.
சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே
வீடுவரை நடந்தேன்,
சீக்கிரம் கரைந்துவிடக் கூடாதென்று.

வீட்டில் கரண்ட் இல்லை.
மணலிப் பக்கம் வானத்தில் சிவப்பாய் ஒரு வெளிச்சம்,
கேஸ் நாற்றம், கொசு.
அவள் அம்மாவுக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட்.
துணைக்கு இருந்த பக்கத்து வீட்டுப் பெண்
என்னைக் கண்டதும் தூக்கக் கலக்கத்தில் எழுந்து போனாள்.
பெனிட்டா அழுதுகொண்டிருந்தாள்.
ஆறு வயசு.
பாயோரம் உட்கார்ந்து
எப்போதும் கேட்பதைத்தான் கேட்டேன்:
"தூக்கம் வருதா கண்ணு?"

சட்டென்று நிறுத்தினாள்.

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை.
டார்ச் பையில்தான் இருக்கிறது.
கை போகவில்லை.