பின்தொடையில் ஒரு பட்டாணி

புதன்கிழமை நகம் வெட்டும் நாள்.
செராய்னா துண்டில் சுற்றிப் பிடித்திருந்தாள்,
நான் நகவெட்டியோடு.
நாலாவது நகத்துக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
என் இடதுகை, என்னைக் கேட்காமலே,
ரூப்லியின் பின்தொடைக்குப் போனது.

தடவிக்கொடுக்கப் போகவில்லை.
அதை மகளிடம் சொல்ல முடியாது.
பதினேழு வயதுவரை
அந்தவாய்லாஸ் சந்தையில் இருந்த கை அது.
முதுகெலும்பின் இருபுறமும் சதை பிடித்திருக்கிறதா,
தொடையில் கொழுப்பு ஏறியிருக்கிறதா,
ஒரே அழுத்தில் சொல்லிவிடும்.
அங்கே இந்தக் கினிப்பன்றிக்குக் குய் என்று பெயர்.
எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு பெயர்தான்.

அழுத்தினேன். கொழுப்பு இல்லை.
தோலுக்கு அடியில் ஒரு பட்டாணி.
தள்ளினால் நகர்ந்தது,
விட்டால் திரும்பி வந்தது.

"ஏம்மா நிறுத்திட்ட?"
ஐந்தாவது நகத்தை வெட்டினேன். ஆறாவதையும்.
பதினாலும் முடிந்த பிறகுதான் சொன்னேன்.

அவள் அழவில்லை. அடிக்கோல் கொண்டுவந்தாள்.
ரோமம் அளக்க விடவில்லை.
டப்பாவில் இருந்து காய்ந்த பட்டாணி ஒன்றெடுத்து
நாட்காட்டியில் புதன் மேல் ஒட்டினாள்.
செவ்வாய்க்கிழமை மேல்
கொண்டைக்கடலை.

இந்த நாட்டில்
கினிப்பன்றியைத் தனியாக வளர்க்கக்கூடாது, சட்டம்.
ரூப்லிக்கு ஏதாவது ஆனால்
துரிக்கு இன்னொரு துணை தேட வேண்டும்.
நான் வந்து இறங்கிய முதல் இரண்டு வருடம்
அப்படியொரு சட்டம் எனக்கு இருக்கவில்லை.
குளிக்கும்போது என் அக்குளைத் தடவிப் பார்த்தேன்.
பிறகு துரியையும் பிடித்துத் தடவினேன்.

"உங்க வீட்டுல இருந்ததுக்கெல்லாம் கட்டி வருமா?"
"பாத்ததில்ல."
"ஒண்ணுக்குக்கூடவா?"
கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
"அந்த வயசு வரைக்கும் எதுவும் இருந்ததில்ல."

பதினோரு வயதுக்குக் கணக்கு வேகமாகவே வரும்.
குடைமிளகாயைத் தட்டிலேயே வைத்துவிட்டு
எழுந்து போனாள்.
கதவைச் சாத்தவில்லை.

டாக்டர் கமினாடா மழித்தார், ஊசி வைத்தார்.
கண்ணாடிச் சில்லில்
கெட்டித்தயிர் போல ஒரு தீற்றல்.
கெட்டதாக இருக்காது என்றே நினைக்கிறேன், என்றார்.
எடுத்துவிடலாம், என்றார்.
ஆனால் இந்த உடம்புக்கு மயக்கமருந்து
பாதி சூதாட்டம், என்றும் சொன்னார்.
நானூற்று அறுபது பிராங்க்.
சந்தைக் கணக்கில்
ஒரு கொட்டகை, அதில் நிறைய உயிர், மேலே தீவனம்.
எந்தக் கை கட்டியைக் கண்டதோ
அது தாளை அழுத்திப் பிடித்துக்கொள்ள,
மற்ற கை கையெழுத்துப் போட்டது.

மயக்கம் தெளிந்து வந்தது, ஆனால் தின்னவில்லை.
மூன்று மணிக்கொரு முறை
பச்சைக் கூழைப் பீச்சாங்குழலில் எடுத்து
கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் விட வேண்டும்.
பாதி உள்ளே போகும். பாதி என் சட்டை மேல்.
மாவு நிறுக்கும் தராசில் தினமும் எடை:
எண்ணூற்றுப் பன்னிரண்டு. எழுநூற்றுத் தொண்ணூறு.
எழுநூற்று எழுபத்து நாலு.
அன்று செராய்னா எண்ணை எழுதவில்லை,
பென்சிலைக் கூண்டுக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் அதனிடம்
என் ஊர் மொழியில் பேசினேன்.
கெஞ்சல் எல்லாம் இல்லை. திட்டினேன்.
தின்னு, சனியனே,
உன்னைத் தின்ன யாரும் வரப்போவதில்லை.

ஞாயிறு விடியலில்
வெளியே பனிக்கு உப்புத் தூவும் வண்டி.
செராய்னா கூண்டுக்குப் பக்கத்தில் தரையில்,
சாக்ஸோடு தூங்கிப்போயிருந்தாள்.
பீச்சாங்குழலை நீட்டியதும்
ரூப்லி அதன் முனையைக் கடித்து
என் கையிலிருந்து பிடுங்கியது.

தையலை ஒதுக்கி
தொடையில் கை வைத்தேன்.
ஒரே அழுத்து.
சந்தையில் காசு எண்ணும் முன் சொல்லும் அதே சொல்லை
கை சொன்னது, வாய் வாங்கிச் சொன்னது:
தேறிடுச்சு.

தூக்கத்திலேயே "ம்" என்றாள் மகள்.

நான் கையை உடனே எடுக்கவில்லை.