இருநூற்றுப் பதினேழு படிகள்

கார் நுழையாத தீவு.
கப்பலில் இறங்கும் பெட்டிகளைக்
கோவேறு கழுதைமேல் கட்டி
ஹைட்ராவின் எல்லா ஹோட்டல்களுக்கும்
போயிருக்கிறேன்,
வாசல்வரை.

இருபதாவது மணநாள்.
"எதுன்னு நீயே சொல்"
என்கிறான் ஸ்டமாத்திஸ்,
மீன் விற்ற காசை
இரண்டாம் முறை எண்ணியபடி.

துறைமுகத்தை ஒட்டியதற்குப் படியே இல்லை;
விடியும்வரை அடுத்த கடையின் பாட்டு.
பழைய மாலுமி மாளிகையில்
பளிங்குத் தொட்டி உண்டாம்.
அங்கே தங்க வரும் ஜோடிகள்
வழியெல்லாம் என்னோடு பேசுவார்கள்,
தங்களுக்குள் அல்ல.

காகிதப்பூ தொங்கும் மேட்டு விடுதிக்கு
இருநூற்றுப் பதினேழு படிகள்.
போன ஜூனில் ஒரு மணப்பெண்
பாதியில் செருப்பைக் கழற்றி எறிந்தாள்.
திட்டிக்கொண்டே பொறுக்கினான் அவன்,
இரண்டையும்
சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"மேட்டு விடுதி" என்றேன்.
"உன் முழங்கால்?" என்றான்.
"என் முழங்காலுக்கு அந்த வழி தெரியும்."

மர்கோவை லாயத்தில் விட்டு
ஒரே ஒரு பையோடு கிளம்பினோம்.
கடிவாளம் பிடிக்காத கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொண்ணூற்றாறாம் படியில்
செருப்பைக் கழற்றினேன்.
எறியவில்லை. புதுசு.
படியில் வைத்தேன்,
பக்கத்துப் பக்கத்தில்.

பையைத் தோள் மாற்றிக்கொண்டு
முன்னே போய்க்கொண்டிருந்தான் அவன்.
நான் கூப்பிடவில்லை.