இரும்பில்லாத கறுப்பு

மாதக் கடைசி வெள்ளி, பின்னேரம்.
கந்தோர் கதவைப் பூட்டிவிட்டு அலுமாரியைத் திறப்போம்.
ஒரு திறப்பு என்னிடம், மற்றது ஜொய்சி மிஸ்ஸிடம்.
ஒருத்தி லீவென்றால் ஐஸ் அறையில்
ஒருவருக்கும் சம்பளமில்லை.

வெற்றுத் தாள்களை எண்ணி எடுக்கிறேன்.
வெற்று என்று சொல்லக் கூடாது.
வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு சங்கு.
போட்டோக் கொப்பி அடித்தால்
உடம்பெல்லாம் சின்னமுத்துப் போல
செல்லாது, செல்லாது என்று எழும்பும்.
கையெழுத்துக்கான கோடு, கோடே இல்லை:
பூதக்கண்ணாடி வைத்தால்
கொம்பனியின் பெயர் எறும்பாய் ஊரும்.

அடியில் ஒரு விரல் அகலம் வெறுமை.
கையெழுத்தின் வால்கூட அங்கே விழக் கூடாது.
முதலாளிக்கு வால் நீளம்.
மாதா மாதம் சொல்கிறேன்.

அந்த வெறுமையில் கடைசியாக வந்து நிற்கும்
எண்கள், ஒரு தோள் தடித்து, ஒரு தோள் மெலிந்து.
காந்த மை.
ஓலையை இரும்பால் கீறினார்கள் ஒரு காலம்.
இந்தக் காசோலையில் இரும்பே எழுத்து.

மார்ச்சில் டோனர் முடிந்தது.
புதுப் பொடியன் லதுர்ஷன்
ஏகாம்பரம் வீதியில் கால் விலைக்கு ஒன்று வாங்கி வந்தான்.
"கறுப்பு கறுப்புத்தானே அக்கா."
பார்த்தேன். கறுப்புத்தான்.
பழையதைவிடக் கொஞ்சம் அழகான கறுப்பு.
சரி என்று கையெழுத்து வைத்தது
நான்தான், அவனில்லை.

போனது நாற்பத்தொரு காசோலை.
செவ்வாய்க்கிழமை திரும்பியதும் நாற்பத்தொன்று.

கிண்ணியாப் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்தார்
மூன்று வள்ளம் வைத்திருக்கும் சபூர்தீன்.
சொப்பிங் பையை மேசையில் வைத்தார்,
உள்ளே நாலாய் மடித்த எங்கள் காசோலை.
"காசு இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்க தங்கச்சி.
ஊர்ல செக் திரும்பினா
மனுசனே திரும்பின மாதிரி."

காசு இருக்கு நானா,
யந்திரத்துக்குத்தான் வாசிக்க முடியவில்லை.
அதற்குக் கண் கிடையாது.
எண்ணை முதலில் காந்தமாக்கும், பிறகு தடவிப் பார்க்கும்,
கரண்ட் போன வீட்டில் நெருப்புப் பெட்டி தேடுகிற கை மாதிரி.
"மை போட்டுப் பாக்கிறவன் மாதிரியோ?
என்ட எஞ்சின் களவு போனப்ப ஒருத்தன் வெத்திலையில மை தடவி
என்ட மச்சானைக் காட்டினான்.
அதுக்குப் பிறகு மச்சானோட கதையில்லை.
எஞ்சின் கிடந்தது மூதூர்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
செக்பொயின்றில் அட்டையை நீட்டி நின்ற வருடங்களில்
ரோர்ச் முகத்தில் விழும்போதெல்லாம்
என்னில் என்ன குறைகிறது என்று எனக்கே சந்தேகம் வரும்.
அட்டையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சபூர்தீன் தாளை மோந்து பார்த்தார்.
"புல்மோட்டை மணல்" என்றார் திடீரென்று.
"பாத்தா எல்லாம் ஒரே கரி.
காந்தத்தைக் காட்டினா கொஞ்சம் எழும்பும், மிச்சம் படுத்துக் கிடக்கும்.
அப்ப இது படுத்துக் கிடக்கிற சாதி."
அவ்வளவுதான் நானா.
தேத்தண்ணி குடித்துவிட்டு, புதுக் காசோலைக்கு
ஆறு மணிவரை இருந்தார்.

இரவு பத்தரைக்கு நாற்பத்தொன்றும் அடித்து முடிந்தன.
பழையவற்றின் எண்பட்டியில் துளை போட்டோம்.
கெட்ட தாளுக்கும் கணக்கு வேண்டும்,
ஒன்று குறைந்தாலும் கணக்காய்வில் என் தலை.

நாற்பது இருந்தது.

லதுர்ஷன் மேசைக்கடியில் தேடினான்.
ஜொய்சி மிஸ் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார்.
பின் விறாந்தையில், மின்விசிறிக் காற்று எட்டும் தூரத்தில்,
கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
அசையாமல் நின்று மென்றுகொண்டிருந்தது.
வாயோரம் சங்கின் பாதி.

பதிவேட்டை எடுத்து எழுதினேன்:
இலக்கம் 000318. இரத்து.
காரணம்: மான்.
ஜொய்சி மிஸ் சாட்சிக் கையெழுத்து வைத்தார்.

"வயித்துக்கு ஏதும் செய்யுமோ அக்கா?" என்றான் லதுர்ஷன்.
செய்யாது, அதில் இரும்பில்லை.