பன்னிரண்டு பேருக்கு

தங்கசாலைத் தெருவில்
கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன் நிற்கிறேன்.
"என்ன விசேஷம் சார், கல்யாணமா, காரியமா?"
என்கிறான் கடைப்பையன்.
என் மனைவியைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு
என்று சொல்ல வாய் வரவில்லை.
"பன்னிரண்டு பேருக்கு" என்றேன்.

ஜிலேபியைக் காட்டினான்.
ஃப்ளோராவுக்குச் சர்க்கரை.
அவளும் அஞ்சுகமும் மாத்திரையை
ஒன்றாகத்தான் விழுங்குவார்கள்,
யார் முதலில் என்று பந்தயம் வைத்து.
முறுக்கு என்றால் வாட்ச்மேன் கஸ்பாருக்குப் பல் இல்லை.
பால்கோவா இந்த வெயிலில்
டோல்கேட் தாண்டாது.
கேக்?
ஏழாம் நம்பர் அறைக்காரரின் மகன்
போன மாதம் கொண்டுவந்த கேக்
மேனேஜர் மேசையில் இரண்டு நாள் இருந்து
எறும்போடு போயிற்று.
ராத்திரி ஷிஃப்டுக்குக் கிடைத்தது அட்டைப்பெட்டி.
அதில்தான் தில்ஷாத் இப்போது
பஞ்சும் கத்தரியும் வைத்திருக்கிறாள்.

இதெல்லாம் அஞ்சுகத்தின் இலாகா.
தீபாவளிக்கு எங்கள் சந்தில் இருபத்திரண்டு வீடு.
எந்த வீட்டுக்கு அதிரசம்,
எந்த வீட்டுக்குக் காரம் மட்டும்,
யாரோடு பேச்சில்லை, ஆனாலும் தட்டு போயாக வேண்டும்,
எல்லாம் அவள் விரல் கணக்கு.
நான் துறைமுகத்தில் லாரிகளை எடை போட்டவன்.
சரக்கோடு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை.
கழிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

காலையில் அவளிடமே கேட்டேன்.
ஃப்ளோரா தலை வாரிக்கொண்டிருந்தாள்.
"இவங்களுக்கெல்லாம் என்ன வாங்கட்டும், அஞ்சுகம்?"
சீப்பு நிற்கும்வரை என்னைப் பார்த்தாள்.
"நீங்க எந்த வீடு?"
ஃப்ளோராதான் சமாளித்தாள்:
"பக்கத்து வீட்டுக்காரர்மா."
"அப்படின்னா காரம் குடுத்தனுப்பு.
அந்த வீட்ல இனிப்பு தொடமாட்டாங்க."

உண்மைதான். நான் இனிப்பு தொடுவதில்லை.

ஓமப்பொடி என்றேன் பையனிடம்.
சர்க்கரை இல்லை, உருகாது, பல் வேண்டாம்.
"ஒரே பெட்டியா போட்டுரட்டா?"
வேண்டாம். கால் கால் கிலோ, தனித்தனியாக.
தராசின் எண்களைப் பழக்க தோஷத்தில்
ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன்.
கடுப்பாகிவிட்டான்.
பன்னிரண்டு முடிந்ததும், இன்னொன்று என்றேன்.

ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துப் பெயர் எழுதினேன்.
காசிமேடு மேடுபள்ளத்தில்
தில்ஷாத் தில்ஷத் ஆகிவிட்டாள்.
சமையல்கார அம்மாவின் பெயர்
ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியாது என்பது
அவள் பொட்டலம் வந்தபோதுதான் தெரிந்தது.
"கிச்சன்" என்று எழுதி, அடித்து,
போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.
முல்லைக்கொடியாம்.

ராத்திரி ஒன்பது மணிக்குமேல்
காலடிப்பேட்டையில் மாடியேறிக் கொடுத்தேன், கையில் கையில்.
மேனேஜர் போயிருந்தார்.
பதின்மூன்றாவது யாருக்கு என்று தில்ஷாத் கேட்டாள்.
அஞ்சுகம் தூங்கிக்கொண்டிருந்தாள்.
"பக்கத்து வீட்டுக்கு" என்று
அவள் தலைமாட்டில் வைத்தேன்.

கீழே கஸ்பார்
டீயில் ஒரு பிடி போட்டு ஊறவைத்து,
ஸ்பூனால் அள்ளி, யோசித்து,
"உப்பு கொஞ்சம் தூக்கல் சார்" என்றார்.
"அடுத்த வாட்டி அந்தக் கடை வேணாம்."