மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்று
ஆளை நடக்க விடாது, தள்ளிக்கொண்டு போகும்.
பிடித்துக்கொள்ளத் தெருவில் கயிறு கட்டியிருப்பார்கள்.
கயிற்றின் ஈரம் உள்ளங்கையில் காயாமல்
எதெல்மிரா கடைக்குள் வந்தாள்.
நண்டு ஆலையின் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.
மகன் பல் டாக்டரின் நாற்காலியில்
வாயைத் திறந்துகொண்டிருக்கிறானாம்.
நாற்பது நிமிடம் இருக்கிறதாம்.
அவன் போனை மேசைமேல் வைத்தாள்.
"எல்லாம் தெரிகிற மாதிரி ஏதாவது போட்டுக் கொடு, திஹோமிர்."

எல்லாம் என்றால்?

விளம்பரம் சொல்லாததை நான் சொன்னேன்.
எந்த ஆப்பை எத்தனை மணிக்குத் திறந்தான்,
எவ்வளவு நேரம் திறந்து வைத்திருந்தான், தெரியும்.
வந்து விழும் செய்தியின் முதல் வரி,
அவன் விரல் தள்ளிவிடுவதற்குள் சிக்கினால்,
தெரியும்.
அடித்த எழுத்துகள் தெரியும்.
அடித்ததை அனுப்பினானா,
இல்லை, கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி
ஒவ்வொன்றாகத் தின்று முடித்தானா,
தெரியாது.
பார்த்ததும் மறைகிற படம்
நமக்குப் பார்க்காமலே மறைந்துவிடும்.
மஞ்சள் முகம் ஒன்றைச் சிரிக்கச் சொல்லி அனுப்பியபோது
இவன் முகம் எப்படி இருந்தது?
அதற்கு ஆப் இல்லை, எதெல்மிரா.

"தெரிகிற வரைக்கும் போதும்" என்றாள்.
இருட்டில் துழாவுகிறவள்
தீக்குச்சியின் நீளத்தையா பார்ப்பாள்.

அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
நான்கு குளிர்காலத்துக்கு முன்
ஒதிலியாவின் போனில் நானே இதைப் போட்டேன்.
கடைக்காரன் அல்லவா, கைக்காசு செலவில்லை.
ஒரு காலை அறிக்கை வந்தது:
ஃபேஸ்புக், இரவு 11.40 முதல் 2.52 வரை.
மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.
யாரோடு?
அன்று கேட்டேன்.
மறுநாள் சூப் ஆறுகிற வரைக்கும் கேட்டேன்.
அவள் பதில் சொல்லச் சொல்ல
எனக்கு அந்த எண் மட்டும்தான் கேட்டது.

அவள் பேருந்தேறி வடக்கே போனபின்
ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாமல்,
அறிக்கையைக் கீழே வரைக்கும் இழுத்தேன்.
பொடி எழுத்தில் இருந்தது:
அந்த மூன்று மணி பன்னிரண்டு நிமிடமும்
ஒரு விரல்கூடத் திரையைத் தொடவில்லை.
ரொட்டி சுடும் வீடியோ ஒன்று முடிய, அடுத்தது,
அது முடிய, அடுத்தது,
தானாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.
போன் அவள் மார்பின்மேல் விழித்திருந்தது.
அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

நான் அடுத்த அறையில்தான் இருந்தேன்.
கதவு சாத்தியிருக்கவில்லை.

சரி.
எதெல்மிராவிடம் பதினெட்டாயிரம் பெசோ வாங்கினேன்.
போட்டுக் கொடுத்தேன்.
வாடகைக்குக் காது கேட்காது.

ஒன்பதாம் நாள் பையன் வந்தான். பால்தசார்.
பதினைந்து வயது, பல்லில் புதுக் கம்பி,
சிரிப்பை உதட்டால் மூடிக்கொள்கிறான்.
அதே போனை அதே மேசையில் வைத்தான்.
எனக்கு அடிவயிறு இறுகியது.
"பேட்டரி மத்தியானத்துக்குள் செத்துவிடுகிறது" என்றான்.
"உள்ளே ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அதனால்தான்."

எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.

"வேண்டாம். இருக்கட்டும்.
இரவு வேலையில் இடைவேளை விடும்போது
அம்மா அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுகிறாள்.
நடுவில் அணைந்தால் பயந்துவிடுவாள்.
பெரிய பேட்டரியாகப் போடுங்கள்."

போட்டேன்.
சட்டைப் பையிலிருந்து சில்லறையாக எண்ணிக் கொடுத்தான்,
கடைசி நூறு பெசோவுக்கு இன்னொரு பையையும் துழாவினான்.
அந்தப் பை, நான் பார்த்தவரையில்,
நீள்சதுரமாகக் கொஞ்சம் புடைத்திருந்தது.
பர்ஸாகவும் இருக்கலாம்.

கதவைத் திறந்ததும் காற்று அவனைப் பிடுங்கியது.
ஒரு கையில் கயிறு,
மறு கையில் நூறு சதவீதம்.
வளைவு வரைக்கும் தெரிந்தான்.